செல்லக்கனி காய்ச்சிய கஞ்சி

ராஜபாளையம்
14-9-87

அன்பு மகன் இன்பராஜுக்கும் மருமகள் ஜெபாவுக்கும் பேரப்பிள்ளைக்கும் அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் அப்பாவும் நானும் உடம்புக்குச் சுகம். பிலாயில் அந்தப் புகைக்கும் வெயிலுக்கும் நடுவில் நீங்க மூணு பேரும் சுகமாக இருக்கணும்னு தினமும் ஜெபத்தில் நினைச்சுக்கிடுதேன். உடம்புக்குச் சுகம்னுதான் எழுதினேன், மனசுக்குச் சுகம்னு எழுத மாட்டேன். பத்து நாளாக எனக்கு அடிவயிற்றிலிருந்து கோபம் எரியுது. அது ஆறட்டும், பொறவு எழுதலாம்னு இருந்தேன். ஆறுகிற வழியாகத் தெரியலை, அதனால் எரியும்போதே எழுதுதேன்.

நீ அப்பாவுக்குப் போட்ட லெட்டரை அப்பா என் கையில் குடுத்துட்டு வெளியே போயிட்டாங்க. பெரியப்பா உன் ஆபீசுக்கே டிரங்க்கால் போட்டு, உங்க அம்மா கோயில்ல எல்லார் முன்னாலயும் குடும்ப மானத்தை வாங்கிட்டாள்னு சொன்னாராமே. நீயும் அதைக் கேட்டுட்டு, அம்மாவைக் கொஞ்சம் அடங்கி இருக்கச் சொல்லுங்கன்னு அப்பாவுக்கு எழுதியிருக்க. ஏலே, பெத்தவ ஒருத்தி உயிரோடதானே இருக்கேன், என்ன நடந்ததுன்னு என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா. சரி, கேட்கலை. நானே சொல்லுதேன், முழுசா படிச்சுட்டு அப்புறம் யாரை அடங்கச் சொல்லணுமோ சொல்லு.

இந்த வருஷம் மழை பொய்ச்சுப் போனது உனக்குத் தெரியும். பிளவக்கல் அணையில் தண்ணி இருந்த இடமெல்லாம் சேறு வெடிச்சுக் கிடக்காம். வத்திராயிருப்புப் பக்கம் நடவுக்கும் களைக்கும் போற சனம் வேலை இல்லாம பஸ் ஏறி இங்க வந்து, மார்க்கெட்டில் மூட்டை இறக்கவும் மண் சுமக்கவும் நிக்குது. மில்லுகள்லயும் கரண்ட் வெட்டுன்னு ஷிப்டைக் குறைச்சுட்டாங்க, தினக்கூலிக்குப் போனவங்களை வர வேண்டாம்னுட்டாங்க. ஈஸ்டர் முடிஞ்ச பொறவு நம்ம கோயில் கமிட்டி கூடி, மத்தியானம் ஒரு வேளை கஞ்சி ஊத்துவோம்னு முடிவு பண்ணுச்சு. அதை முதல்ல சொன்னது செயலாளரா இருக்கிற உன் பெரியப்பாதான், அதை நான் மறைக்க மாட்டேன். நம்ம ஒரு கோயிலால மட்டும் ஏலாதுன்னு அவரே அலைஞ்சு ஆள் சேர்த்தார். மார்க்கெட்டில் அரிசிக்கடை வச்சிருக்கிற ஜமால் முகமது அவங்க ஜமாத்தில் பேசி, அரிசி எங்க பொறுப்புன்னு சொல்லிட்டார். ஸ்ரீவில்லிபுத்தூர்ல தேரோட்டத்துக்கு வாற சனத்துக்குச் சோறு போடுற அன்னதான சபை ஒண்ணு இருக்கு. அதை நடத்துறவர் சங்கையான்னு ஒரு பருத்தி வியாபாரி, வீட்டில் தெலுங்கு பேசுறவங்க. அவர் பயறும் காய்கறியும், பெரிய பெரிய அண்டாவும் அனுப்பினார். இடமும் விறகும் வேலைக்கு ஆளும் நம்ம கோயிலோடது. இப்படி மூணு இடமும் சேர்ந்து செய்யிறதைப் பார்த்து ஊரே நல்லதா பேசுச்சு. கோயில் வேப்பமரத்தடியில் ஒரே வரிசையில் எல்லாச் சாதி சனமும் தட்டை வச்சு உட்கார்ந்து குடிக்கும்போது எனக்கே பல நாள் கண்ணு கலங்கியிருக்கு.

அந்தக் கஞ்சியைக் காய்ச்சினவள் செல்லக்கனி. நீ பார்த்திருக்க மாட்டே, நீ போன வருஷம் வந்துட்டுப் போன பொறவுதான் அவ இங்க வந்தா. சொந்த ஊரு சேத்தூர். கல்யாணமான புதுசுல அவளுக்குப் பெருவியாதி வந்துட்டு. புருஷன்காரன் அவளைத் தூரத்தில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விட்டுட்டு, துணி எடுத்துட்டு வாரேன்னு சொல்லிட்டுப் போனவன்தான், திரும்பி வரலை. அங்கயே வருஷக்கணக்கா மாத்திரை சாப்பிட்டு, பூரணமா குணமாச்சு, இனி யாருக்கும் ஒட்டாதுன்னு டாக்டர்மார் சொல்லி அனுப்பிட்டாங்க. சேத்தூருக்குப் போனா கூடப் பிறந்தவங்க வாசல்லயே நிறுத்திட்டாங்க. நம்ம போதகர் ஐயா, அதான் இப்ப புதுசா வந்திருக்கிற சின்ன வயசு ஐயா, அந்த ஆஸ்பத்திரியில் ஊழியம் பார்த்தவர், அவர்தான் இங்க கூட்டிட்டு வந்து கோயிலுக்குப் பின்னால் ஒரு அறை பிடிச்சுக் குடுத்தார். இடது கையில் ரெண்டு விரல் மடங்கினது மடங்கினபடியே இருக்கு. அந்தக் கைக்குச் சூடு தெரியாது. அதனால் தெரியாம சுட்டுக்கிடக் கூடாதுன்னு எப்பவும் ஒரு துணியைச் சுத்திக்கிட்டுத்தான் அண்டாவைத் தொடுவா. ஆஸ்பத்திரியில் ஒரு வார்டுக்கே சமைச்சவ, அம்புட்டுப் பெரிய அண்டாவில் அடிப்பிடிக்காம காய்ச்சுவா. ஒரு துவையலும் அரைச்சு வைப்பா. வாற சனம் அவளைப் பேர் சொல்லித்தான் கூப்பிடும். அவளைப் பேர் சொல்லி யாரும் கூப்பிட்டு எத்தனையோ காலம் ஆச்சுன்னு என்கிட்ட ஒருநாள் சொன்னா.

போன வாரத்துக்கு முந்தின வாரம் ஒருநாள், எனக்குக் காய் நறுக்குற முறை, கொஞ்சம் பிந்திப் போனேன். போனால் அடுப்படியில் வேற ரெண்டு பேர் நிக்காங்க. செல்லக்கனி வாசல்கேட் ஓரத்தில் செருப்பு கிடக்கிற இடத்தில் விளக்குமாறை மடியில் வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கா. என்னன்னு கேட்டேன், ஒண்ணுமில்லைக்கா, இனிமே பெருக்குற வேலைன்னா. மத்தவங்களைக் கேட்ட பொறவுதான் தெரிஞ்சது. அடுப்பில் உலை கொதிச்சுக்கிட்டு இருக்கும்போது பெரியப்பா வந்து, தட்டை வச்சுக்கிட்டுச் சனம் உட்கார்ந்திருக்க, அவிய முன்னாலயே, நீ இனிமே அடுப்புப் பக்கம் வராத, உன் கைபட்டது ஆகாதுன்னு ஆட்சேபம் வந்திருக்குன்னு சொல்லி எழுப்பி விட்டிருக்கார். யார் ஆட்சேபம் பண்ணினதுன்னா, ஜமாத்தும் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரங்களுமாம். அவிய நிறுத்திட்டா இம்புட்டுச் சனமும் பட்டினி கிடக்குமே, ஒருத்திக்காக எல்லாரையும் பட்டினி போட முடியுமான்னு கேட்டிருக்கார். அவ கையில் சுத்தின துணியை அவிழ்த்து மடிச்சு வச்சுட்டு விளக்குமாறை எடுத்துக்கிட்டாளாம். அன்னைக்கு வந்த சனத்தில் பாதி கஞ்சியைக் குடிச்சது, மீதி அவளையே பார்த்துக்கிட்டு இருந்ததுன்னு சொன்னாங்க.

வீட்டுக்கு வந்து அப்பாகிட்ட சொன்னேன். அண்ணன் ஒண்ணைச் சொன்னா அதில் ஏதாவது காரணம் இருக்கும், நீ தலையிடாதன்னாங்க. உங்க அப்பாவைப் பற்றி உனக்கே தெரியும், அவங்க அண்ணனுக்கு எதிரா மூச்சு விட்டது கிடையாது. எனக்கு அப்போ கோபமெல்லாம் ஜமால் மேலயும் சங்கையா மேலயும்தான். தானம் குடுக்குறோம்னு சொல்லிக்கிட்டு ஒரு ஏழைப் பொம்பளையைத் தீண்டாம தள்ளச் சொல்லுற தானம் என்ன தானம்னு அவங்க முகத்துக்கு நேரே கேட்டுருவோம்னு மறுநாள் காலையிலேயே ஜமால் கடைக்குப் போனேன். கடையில் யாவாரம் நடந்துக்கிட்டு இருக்கு, நான் எதையும் பார்க்கலை, கேட்டே கேட்டுட்டேன். அந்த மனுசன் தராசை அப்படியே கீழே வச்சுட்டார். முகம் கறுத்துப் போச்சு. பொறவு சொன்னார், "அரிசி குடுத்தோம்மா. யார் காய்ச்சணும்னு நாங்க எப்ப சொன்னோம்? ஒருத்தியை வெளிய தள்ளுறதுக்கு எங்க பேரா கிடைச்சது?" அவர் பொஞ்சாதி மாஜிதா உள்ளே இருந்து வந்து என்னை உட்கார வச்சுத் தண்ணி குடுத்தா. நான் கோபப்பட்டு வந்த மனுசங்க முன்னால நானே தலை குனிஞ்சு உட்கார்ந்திருந்தேன்.

அப்போ ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர் வேலையாத்தான் இருக்கும்னு அப்படியே பஸ் ஏறிட்டேன். தேரடி தாண்டி அவர் கிட்டங்கி, பஞ்சுப் பொதி நடுவில் உட்கார்ந்திருந்தார். நான் யாருன்னு சொன்னதும், சாப்பிட்டுத்தான் பேசணும்னு வீட்டுக்குள்ள கூட்டிட்டுப் போயிட்டார். சாப்பிட்டு முடிச்ச பொறவு விஷயத்தைச் சொன்னேன். அவர் வீட்டம்மாவைப் பார்த்துத் தெலுங்கில் ஏதோ சொன்னார், அந்தம்மா தலையில் கையை வச்சுக்கிட்டாங்க. பொறவு என்கிட்ட சொன்னதைக் கேளு. உன் பெரியப்பா ஒரு வாரத்துக்கு முன்னாலயே அவரைப் போய்ப் பார்த்திருக்கார். உங்க அன்னதான சபையின் பேரில் நீங்க ஒரு ஆட்சேபம் சொல்லிருங்க, அப்படிச் சொன்னா அவளை நிறுத்த எங்களுக்குச் சுலபமா இருக்கும்னு கேட்டிருக்கார். சங்கையா மாட்டேன்னுட்டார். எங்க அன்னதான சபைச் சாப்பாட்டை யார் யாரோ காய்ச்சுறாங்க, யார் யாரோ சாப்பிடுறாங்க, இதுக்குள்ள நான் நுழைய மாட்டேன்னு சொல்லி அனுப்பியிருக்கார். அவர் மாட்டேன்னு சொன்ன பொறவும் அவர் பேரைச் சொல்லித்தான் பெரியப்பா அவளை எழுப்பியிருக்கார்.

ஆட்சேபம் எங்கேயிருந்து வந்ததுன்னு திரும்பி வாற பஸ்ஸில் யோசிக்க யோசிக்க எனக்கே புரிஞ்சது, ஊருக்கு வந்து நாலு பேரைக் கேட்டதும் உறுதியாச்சு. அடுத்த மாசம் ஸ்தோத்திரப் பண்டிகை, அசனம் வருது. சபையார் எல்லாரும் ஒண்ணா உட்கார்ந்து சாப்பிடுற விருந்து. அதே அண்டா, அதே அடுப்பு, அதே செல்லக்கனின்னா நாங்க அசனத்துக்கு வர மாட்டோம்னு நம்ம கோயில்ல முன் வரிசையில் உட்காருற குடும்பங்க சில பேர் சொல்லியிருக்காங்க. உங்க பெரியம்மாவும் அதில் ஒருத்தி. அதை வெளிய சொல்ல வெட்கம். சுவிசேஷம் படிக்கிற வாயால குஷ்டம் வந்தவ கை ஆகாதுன்னு எப்படிச் சொல்லுறது? அதனால் துலுக்கர் தலையிலயும் இந்துக்கள் தலையிலயும் பழியைப் போட்டுட்டாங்க. பசிச்ச சனத்துக்கு அரிசி குடுத்த மனுசங்களை, நம்ம அழுக்கைத் துடைக்கிற துணியா ஆக்கிட்டாங்க. இன்பராஜ், செல்லக்கனியைத் தள்ளினதுக்கே எனக்கு நெஞ்சு கொதிச்சது, இதைக் கேட்ட பொறவு ரெண்டு மடங்கா கொதிச்சது. நம்ம ஆளுக, நம்ம ரத்தம்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிஞ்சு கமிட்டி கூட்டம். பொம்பளைங்க அதில் பின்னால உட்கார்ந்து கேட்கலாம், பேசுற வழக்கம் இல்லை. பெரியப்பா எழுந்து, உதவி செய்யிற மற்ற சபையாருடைய மனம் கோணாதபடி சில ஏற்பாடு செய்திருக்கிறோம்னு ஆரம்பிச்சார். நான் எந்திரிச்சுட்டேன். தம்பி பெண்டாட்டியோட நேரே பேசுறது அவர் வழக்கம் இல்லையே, அப்பாவைப் பார்த்து, தவசி, உன் வீட்டுக்காரியை உட்காரச் சொல்லுன்னார். அப்பா தரையைப் பார்த்துக்கிட்டு இருந்தாங்க. நான் உட்காரலை. "அத்தான், ஆட்சேபம் ஜமாத்துக்கா, ஸ்ரீவில்லிபுத்தூருக்கா, உங்களுக்கா? அதை மட்டும் சொல்லுங்க, உட்கார்ந்துக்கிடுதேன்"னு கேட்டேன். ஜமால் கடையில் கேட்டதையும் சங்கையா வீட்டில் கேட்டதையும் அப்படியே சொன்னேன், ஒண்ணும் கூட்டலை, குறைக்கலை. அந்தச் சின்ன ஐயா பெரியப்பாவைப் பார்த்து, அண்ணாச்சி, அவங்க ஆட்சேபம் சொன்னாங்களா இல்லையான்னு மெதுவாத்தான் கேட்டார். பெரியப்பாவுக்கு முகம் சிவந்துட்டு. "சபையோட நன்மைக்காகச் சொன்னேன்"ன்னார். அந்த ஒரு வார்த்தையிலேயே எல்லாம் வெளிய வந்துட்டு. அதுக்குப் பொறவு ஒரே கூச்சல். சிலர் அவருக்காகப் பேசினாங்க, சிலர் எனக்காக, முக்காவாசிப் பேர் வீட்டுக்குப் போற அவசரத்தில் இருந்தாங்க. இதுதான் உன் பெரியப்பா சொன்ன மானக்கேடு. நான் திட்டலை, கை நீட்டலை, ஒரு கேள்வி கேட்டேன். அந்தக் கேள்விக்கு மானம் போகும்னா அது கேட்டவ மானமா, பதில் சொன்னவர் மானமா, நீயே சொல்லு.

அன்னைக்குச் சாயங்காலமே ஜமாலும் சங்கையாவும் ஐயாவுக்குச் சொல்லி அனுப்பினாங்க. அரிசி நிக்காது, பயறு நிக்காது, ஆனா எங்க பேரில் எழுப்பின பொம்பளை எங்க பேரிலேயே திரும்ப உட்காரணும்னுட்டாங்க. ஐயாவும் நானும் செல்லக்கனி அறைக்குப் போனோம். வாசல்ல நின்னுக்கிட்டு, வாம்மா, நாளையிலிருந்து பழையபடி அடுப்புக்கு வந்துருன்னார் ஐயா. அவ எழுந்து நின்னு கும்பிட்டா. பொறவு சொன்னா, "ஐயா, சனத்துக்கு முன்னால வச்சு எழுப்பினாங்க. வீட்டில் வந்து கூப்பிட்டா எப்படி வாரது? அந்தச் சனத்துக்கு முன்னால வச்சுக் கூப்பிடுங்க, வாரேன்." சத்தம் கூட உயரலை. அவ்வளவு காலம் வாயே திறக்காதவ.

மறுநாள் மத்தியானம் சனம் உட்கார்ந்த பொறவு ஐயா வேப்பமரத்தடியில் நின்னு, இந்த அம்மாவை எழுப்பினது தப்பு, யாரும் ஆட்சேபம் சொல்லலை, சொன்னதாச் சொன்னது பொய், சபை சார்பா மன்னிப்புக் கேட்டுக்கிடுதேன்னு எல்லார் காதிலயும் விழுற மாதிரி சொல்லி அவளைக் கூப்பிட்டார். ஜமால் வந்திருந்தார். சங்கையா அவங்க வீட்டம்மாவோட பஸ்ஸில் வந்திருந்தார். நம்ம கமிட்டியில் பாதிப் பேரைக் காணோம், பெரியப்பாவைக் காணவே காணோம். எழுப்பினவர் வந்து கூப்பிட்டிருக்கணும், அதில் எனக்கு இன்னும் ஆத்திரம் தீரலை. அவ அதுக்காகக் காத்திருக்கலை. துணியைக் கையில் சுத்திக்கிட்டு நேரே அடுப்புக்குப் போயிட்டா. வத்திராயிருப்பிலிருந்து வாற சமுத்திரம்னு ஒரு பெரியவர், இத்தனை நாள் கஞ்சியில் உப்பே இல்லைன்னு சொன்னதும்தான் எல்லாரும் சிரிச்சாங்க. அசனத்துக்கு வர மாட்டோம்னு நாலு குடும்பம் இப்பவும் சொல்லிக்கிட்டுத்தான் இருக்கு. வராட்டி போகட்டும்.

இன்னும் ஒண்ணு சொல்லணும், அது நேத்து நடந்தது. நேத்து கோயில்ல நற்கருணை. எப்பவும் எல்லாரும் அப்பமும் ரசமும் வாங்கி முடிச்ச பொறவு கடைசியில் தனியாப் போய் முழங்கால் போடுவா செல்லக்கனி. ஒரே கிண்ணத்தில் குடிக்கிறதாச்சே, மத்தவங்களுக்குச் சங்கடம் வேண்டாம்னு அவளே செஞ்சுக்கிட்ட வழக்கம், நாங்களும் அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தோம். நேத்து ஐயா அழைச்சதும் அவ முதல் ஆளா எந்திரிச்சுப் போய், பீடத்துக்கு முன்னால இருக்கிற கிராதியில் ஐயா குடுக்க ஆரம்பிக்கிற முனையில் முழங்கால் போட்டுட்டா. கோயிலே அசையலை. பாட்டு நடந்துக்கிட்டு இருக்கு, முன்னால அந்த ஒருத்தி முதுகு மட்டும் தெரியுது, ஒருத்தர் எந்திரிக்கலை. நான் சேலையை ஒதுக்கிக்கிட்டு எந்திரிக்கப் போனேன். அதுக்குள்ள ஆம்பிளைங்க பக்கம் உங்க அப்பா எந்திரிச்சாங்க. எனக்குத் தெரிஞ்ச காலத்திலிருந்து பெரியப்பா எந்திரிச்ச பொறவுதான் அப்பா எந்திரிப்பாங்க. நேத்து அண்ணன் முழங்காலை உரசிக்கிட்டு அவரைத் தாண்டிப் போனாங்க. போய் அவ பக்கத்தில் முழங்கால் போட்டாங்க. அவ குடிச்ச கிண்ணத்தை ஐயா துணியால துடைக்கிறதுக்குள்ள அப்பா ரெண்டு கையையும் நீட்டி வாங்கிக் குடிச்சுட்டாங்க. அதுக்குப் பொறவுதான் நானும் மத்தவங்களும் ஒவ்வொருத்தரா போனோம். பெரியப்பா கடைசி வரைக்கும் பெஞ்சை விட்டு எந்திரிக்கலை. வீட்டுக்கு வந்து அப்பா கயித்துக்கட்டிலில் படுத்து நல்லாத் தூங்கினாங்க. பத்து நாளா தூக்கம் இல்லாம புரண்ட மனுசன்.

பெரியப்பாவுக்கு நீ பதில் போடும்போது மரியாதையா எழுது, உன்னைத் தோளில் தூக்கி வளர்த்தவர். ஆனா என் சார்பா மன்னிப்பு மட்டும் கேட்டுறாத. பேரப்பிள்ளைக்குப் பல் முளைக்கிற சமயம், தண்ணியைக் காய்ச்சி ஆறவச்சுக் குடுங்க. ஜெபாவை வேலையோட வேலையா நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லு. கிறிஸ்மஸுக்கு லீவு இப்பவே எழுதிக் குடு, கடைசியில் கிடைக்கலைன்னு சொல்லாத. கர்த்தர் உங்க மூணு பேரையும் கண்ணின் மணி மாதிரி காத்து, உங்க கையின் வேலையை ஆசீர்வதிப்பாராக.

இப்படிக்கு,
இன்னும் கோபம் தீராத உன் அம்மா,
த. பரிபூரணம்